ஸ்கைடைவிங் செய்கிறவர்கள் பிழைப்புக்கு என்ன வேலை பார்க்கிறார்கள்? குதிக்கக் காசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவர் கூடவே "இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுதானே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டியவர், அம்மா தெருவில் சீட்டு பிடிக்கிறார். இதுவரை 143 முறை பாராசூட்டோடு விமானத்திலிருந்து குதித்திருக்கிறேன். எங்கள் தெருவில் யாரும் என்னைப் பணக்காரன் என்று சொன்னதில்லை, கிறுக்கன் என்று நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள்.

என் வேலை ரோப் ஆக்சஸ். மணலி பக்கம் போனவர்கள் அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய்களையும் கோபுரங்களையும் பார்த்திருப்பீர்கள். சாரம் கட்டாமல், இடுப்பில் இரண்டு கயிறு மாட்டிக்கொண்டு அந்த மாதிரி இடங்களில் தொங்கி, இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கருவி வைத்து அளப்போம், சில நாள் பெயிண்ட் அடிப்போம், சில நாள் போல்ட் மாற்றுவோம். இதற்கு ஐராட்டா என்ற சான்றிதழ் இருக்கிறது, மூன்று லெவல். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகவே குறைந்தது ஒரு வருஷமும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் காட்ட வேண்டும். நான் லெவல் இரண்டு. ஊரில் வேலை குறைந்தால் வளைகுடாவில் ஷட்டவுன் வேலைக்குப் போய்விடுவேன், அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் வேலை. நாற்பது, நாற்பத்தைந்து நாள், தினம் பன்னிரண்டு மணி நேரம், லீவு கிடையாது. முடிந்ததும் மொத்தமாகக் கையில் காசு, அப்புறம் ஒன்றிரண்டு மாதம் வேலையே இருக்காது.

நான் பார்த்தவரைக்கும் விஷயமே இதில்தான் இருக்கிறது. குதிக்கிறவர்களில் பெரிய சம்பளக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேருக்குச் சம்பளம் சுமார், ஆனால் அது மொத்தமாக வரும், இல்லையென்றால் லீவு மொத்தமாக வரும். துபாயில் நான் கற்றுக்கொண்ட இடத்தில் என்னுடன் அதே விமானத்தில் ஏறியவர்களைச் சொல்கிறேன். கடலில் எண்ணெய் மேடையில் இருபத்தெட்டு நாள் வேலை, இருபத்தெட்டு நாள் லீவு என்று இருக்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், இரவு ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர், இரண்டு விமானப் பணிப்பெண்கள், வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் ஒரு ரஷ்யப் பையன், அப்புறம் கொல்லத்துக்காரர் ஒரு அண்ணன், மருந்துக்கடையில் வேலை. அவர் சம்பளம் வந்த வாரம் வெள்ளிக்கிழமை வருவார், இரண்டே இரண்டு முறை குதிப்பார், மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்திருப்பார், சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விடுவார். மாதம் இரண்டு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. "நீ ஒரே வாரத்தில் இருபது குதித்துவிட்டு ஆறு மாதம் மறந்துபோவாய், எனக்கு மறக்காது" என்று என்னைக் கிண்டல் செய்வார். அவர் சொன்னது சரிதான். இடைவெளி விழுந்தால் திரும்ப வந்ததும் பயிற்சியாளரோடு ஒரு முறை குதித்துக் காட்டச் சொல்வார்கள், அதற்கும் நம் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

சீருடைக்காரர்கள் தனி வகை. நம் விமானப்படையில் ஆகாஷ் கங்கா என்று ஒரு குழு 1987 முதல் இருக்கிறது, ஆக்ராவில்தான் அவர்களுக்கு எல்லாம். அவர்களுக்குக் குதிப்பதே பணி, சம்பளமும் வரும். சீருடை இல்லாதவர்களில் ரேச்சல் தாமஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம், 2002இல் வட துருவத்தில் குதித்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர், அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். உலகத்திலேயே மிக உயரத்திலிருந்து குதித்த ஆலன் யூஸ்டஸ், 2014இல் 41 கிலோமீட்டருக்கும் மேலே இருந்து வந்தார், கூகுளில் மூத்த துணைத் தலைவராக இருந்த கணினி ஆள். அவர் காசுக்கணக்கு நமக்கு வேண்டாம்.

சரி, செலவுக்கு வருவோம். தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள ஏ.எஃப்.எஃப். என்ற பயிற்சி, நிலை நிலையாகப் போகும். முதல் தடவையே 13,000 அடியில், இருபுறமும் இரண்டு பயிற்சியாளர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள், அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து நாம்தான் கொடுக்க வேண்டும் என்பதால் ஆரம்ப நிலைகள்தான் ரொம்ப விலை. எனக்கு இரண்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதற்கு அம்மாவின் சீட்டையே எடுத்தேன். இருபது பேர், மாதம் 10,000, இரண்டு லட்சம் சீட்டு, ஏலத்தில் தள்ளிக் கேட்டு கையில் வந்தது 1,68,000. வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (வாங்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு வாரம் பேசவில்லை.) மிச்சத்தை ஷட்டவுன் காசில் போடலாம் என்று தேதி குறித்துப் பதிவும் செய்துவிட்டேன், அந்த வருஷம் பார்த்து கான்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்துவிட்டான். ரூமில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் பயிற்சியே தொடங்கினேன்.

இதில் ஃபெயில் ஆனால் அந்த நிலையைத் திரும்பக் காசு கட்டிச் செய்ய வேண்டும், இதை யாரும் முன்னாடியே அழுத்திச் சொல்வதில்லை. நான் நான்காவது நிலையில் இரண்டு முறை ஃபெயில். காரணம் என் தொழில்தான். கயிற்றில் தொங்குகிறவனுக்கு உடம்பு ஆடினால் கை தானாக எதையாவது பிடிக்கப் பார்க்கும், பத்து வருஷப் பழக்கம். மேலே பிடிக்க எதுவும் கிடையாது. வலது கை லேசாக உள்ளே வளைந்தது, தோள் இறுகியது, உடம்பு சுற்ற ஆரம்பித்துவிட்டது, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு கை கோணலாக இருந்தால் போதும், பம்பரம்தான். இறங்கினதும் பயிற்சியாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "எதைப் பிடிக்கப் பார்த்தாய்?" மூன்றாவது தடவை குதிப்பதற்கு முன் கைவிரல்களை விரித்து ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். விரல் ஆடினால் தோள் இறுகாதாம். அதோடு சரியாகிவிட்டது. அந்த அறிவுரைக்கு எனக்கு ஆன செலவு சுமார் நாற்பதாயிரம்.

அமெரிக்கக் கணக்கில் 25 குதித்தால் ஏ லைசென்ஸ், 50க்கு பி, 200க்கு சி, 500க்கு டி. லைசென்ஸ் வந்த பிறகு பயிற்சியாளர் கூலி இல்லை, விமானத்தில் இடத்துக்கு மட்டும் டிக்கெட், அமெரிக்காவில் அது சுமார் 30 டாலர், நம் காசுக்கு இரண்டாயிரத்து ஐநூறு. ஆனால் பாராசூட் வாடகையும் கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும். அதனால்தான் ஐம்பது அறுபது முறை குதித்ததும் எல்லோரும் சொந்தமாக ரிக், அதாவது முழு பாராசூட் செட், வாங்கப் பறப்பார்கள். நான் பழசு வாங்கினேன், 3,60,000. பெரிய பாராசூட், அது கைவிட்டால் திறக்கச் சின்னதாக ஒரு ரிசர்வ் பாராசூட், இரண்டையும் முதுகில் மாட்டும் பை, அப்புறம் நாம் மயங்கிவிட்டால்கூட சுமார் 750 அடியில் தானாகவே ரிசர்வைத் திறந்துவிடும் சைப்ரஸ் என்ற ஜெர்மன் கருவி. இந்தக் கருவிக்கு ஆயுள்காலம் உண்டு, பழசு வாங்குகிறவர்கள் தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன், எட்டே மாதத்தில் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ரிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் மடித்துப் பழகினேன். இந்தத் துணி காற்றுக்கு வழிவிடாத நைலான், புதுசாக இருந்தால் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுக்கும். மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து, சுருட்டி, மேலே படுத்து மார்பாலேயே காற்றை அமுக்கி வெளியே தள்ளி, பைக்குள் திணிக்கப் போனால் காசிமேட்டில் துள்ளுகிற மீனைக் கூடையில் போடுகிற கதைதான், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் நழுவி வெளியே வரும். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்துவிட்டு "இன்னாடா இது, ஷாமியானாவா? யார் வூட்ல விசேஷம்?" என்றார். பசங்கள் பெரிய காத்தாடி என்று முடிவு செய்துவிட்டார்கள். அது ஒன்றும் தப்பில்லை. மதியம் கடல்காற்று திரும்புவதைக் காத்தாடி நூலில் கையாலேயே உணர்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். துபாயில் காற்று மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டினால் கற்றுக்குட்டிகளை உட்காரவைத்துவிடுவார்கள், எனக்கு மட்டும் அதற்குக் கால் மணி நேரம் முன்னாடியே தெரிந்துவிடும், வடசென்னைக் காத்தாடி புண்ணியம்.

இந்த மடிக்கிற வேலைதான் காசில்லாதவர்களுக்கு உள்ளே நுழையும் வாசல். அமெரிக்காவில் ஒரு பாராசூட் மடித்தால் 8, 10 டாலர். கை பழகினவர்கள் பத்து நிமிஷத்தில் ஒன்று முடிப்பார்கள், காலையில் மடித்த காசை மாலையில் குதித்துத் தீர்ப்பார்கள், ராத்திரி மைதானத்து ஓரத்திலேயே ஒரு டிரெய்லர் வண்டியில் தூக்கம். அரிசோனாவில் ஈலாய், ஃப்ளோரிடாவில் டிலேண்ட் மாதிரி ஊர்களில் இப்படியே வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. டிலேண்டில் பாராசூட் தைக்கிற கம்பெனிகளும் இருப்பதால் அங்கே தையல் தெரிந்தவனுக்கும் வேலை இருக்கிறது. இதைக் கேட்டதும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் தையல்காரர்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

"அப்போ பயிற்சியாளர் ஆகிவிட்டால் குதிப்பதே சம்பாத்தியம்தானே" என்று கேட்பீர்கள். டாண்டம், அதாவது பயணியை முன்னால் கட்டிக்கொண்டு குதிக்கிற தகுதி வாங்க 500 குதிப்பும் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். டிக்கெட் மட்டுமே 12, 13 லட்சம் போட்ட பிறகுதான் முதல் ரூபாய் வரும். வந்தாலும் ஒரு குதிப்புக்கு 30லிருந்து 50 டாலர். மழை, மேகம், காற்று என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. நம்ம லோடு லாரிக்காரர் கணக்குதான், வண்டி ஓடினால் காசு.

ஆனால் இந்த மொத்தக் கடையும் ஓடுவது அந்த டாண்டம் பயணியால்தான். 1980களில் அமெரிக்காவில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் ஆகியோர் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குதிக்கும் சுற்றுலாக்காரர் 250 டாலர் கொடுத்து ஏறுவார், அதே விமானத்தில் பக்கத்தில் நான் 30 டாலர் டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பேன். எரிபொருள் போடுவது அவர், ஏறிக்கொள்வது நான். அவரைப் பார்த்தால் எப்போதும் மரியாதையாகச் சிரித்து வைப்பேன்.

இந்தியாவில் இருந்துகொண்டு முடியுமா என்றால், ஒரு தடவை ஆசைக்கு முடியும். ஹரியானாவில் நார்னோல் பக்கம் டாண்டம் நடக்கிறது, முப்பதாயிரம் அளவில் ஆகும். சேலத்தில் முன்பு முகாம்கள் நடந்தன. வாராவாரம் போய்க் குதிக்கிற மாதிரி சென்னைக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை, அதுதான் நம் ஊர்க்காரனுக்குப் பெரிய செலவே, விமான டிக்கெட்டும் தங்குமிடமும். நான் ஷட்டவுன் முடிந்து திரும்பும் வழியில் துபாயில் இறங்கி, தெரிந்தவர் ரூமில் பாய் போட்டுப் படுத்து, பத்து நாளில் இருபது குதித்துவிட்டு வருவது அதனால்தான்.

ஆறு வருஷத்தில் மொத்தம் 11 லட்சம் போட்டிருக்கிறேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன் அதே ஆறு வருஷத்தில் கார் வாங்கிவிட்டான். என்னிடம் பழைய ஸ்பிளெண்டர், பார்சல் பிரியாணி அளவு குறைத்தாயிற்று, கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா என் பொழுதுபோக்கை "வெளிநாட்டு ட்ரெயினிங்" என்று சொல்லிச் சமாளிக்கிறார். வீடியோ இருக்கிறதா என்று கேட்காதீர்கள், 200 குதிப்பு ஆகாமல் ஹெல்மெட்டில் கேமரா மாட்டத் துபாயில் விடமாட்டார்கள்.

அந்த 200க்கு இன்னும் 57 பாக்கி. அடுத்த சீட்டு தை மாதம் முடிகிறது, கடைசிச் சீட்டு என்பதால் தள்ளு இல்லாமல் முழுசாக இரண்டு லட்சம் வரும். நான் ரிக்கை மடித்த அதே மொட்டை மாடி போன மழையில் ஒழுக ஆரம்பித்துவிட்டது, அம்மா கொத்தனாரை வரவழைத்து அளவெடுத்தாகிவிட்டது.