பையில் மடக்குக் கத்தி: ‘தற்காப்புக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: சோழவந்தான் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறேன். கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உரச்சாக்கு பிரிக்க ஒரு மடக்குக் கத்தி எப்போதும் கையில் இருக்க வேண்டும். பைக்கில் அடிக்கடி மதுரை வருவேன். லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எந்தக் கத்தி வாங்கலாம்?

பதில்: அந்த ஆளுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். 2016-ஆம் வருட ஆயுத விதிகளில் கத்திக்கு லைசென்ஸ் என்ற பேச்சே அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் வரும். உங்களுக்கு வேண்டியது 3 அங்குலம். இல்லாத லைசென்ஸுக்கு ஒரு முத்திரையும் கையெழுத்தும் போட்டுக் காகிதம் விற்கிற புரோக்கர்கள் ஆபீஸ் வாசல்களில் நிற்கத்தான் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் போலீஸிடம் நீட்டினால் சும்மா போக வேண்டியவர் போலி ஆவணத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ஆன்லைனில் அலகின் அளவைச் சொல்லாமல் ‘ராணுவக் கத்தி, லைசென்ஸ் தேவையில்லை’ என்று விற்கிறவனும் அதே ரகம்தான்.

வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு அந்த அளவுக் கணக்கு கிடையாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். திருப்பாச்சேத்தி அருவாள் 9 அங்குலத்தைத் தாண்டும், ஆனாலும் அது விவசாயக் கருவி. காலையில் வாழைக்கட்டோடு சேர்த்து பைக்கில் கட்டிக்கொண்டு போனால் யாரும் கேட்கப் போவதில்லை. அதே அருவாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு மாசி வீதியில் நின்றால், விவசாயக் கருவி என்று நான் கோர்ட்டில் தொண்டை வறளப் பேசினாலும் எடுபடாது. சாமான் ஒன்றுதான், இடமும் நேரமும் வேறு. உங்கள் மடக்குக் கத்திக்கும் இதே கதைதான்.

எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் நம் ஆட்கள் சட்டென்று ‘சும்மா, தற்காப்புக்கு சார்’ என்பார்கள். கெட்டது குடி! தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாகச் செய்ததைத்தான் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் ஆயுதம் என்கிறது. கயிறு அறுக்க என்று உண்மையைச் சொல்லுங்கள், போதும்.

சரி, கத்தி. பட்டனைத் தட்டினால் சட்டென்று பாய்கிற ஸ்பிரிங் கத்தி வேண்டவே வேண்டாம். கறுப்புப் பெயின்ட் அடித்து, முதுகில் ரம்பப் பல்லும் மண்டையோட்டுப் படமும் வைத்தது உங்களைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே செய்தது. மரப்பிடியோ சிவப்புப் பிடியோ போட்ட, பார்த்தாலே கருவி என்று தெரிகிற கத்தியாக வாங்குங்கள். விரித்தால் பூட்டிக்கொள்ளும் வகைதான் நல்லது. பூட்டில்லாததைக் குத்தி அழுத்தும்போது மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். வாங்கும்போதே விரித்து, மடங்கும் வழியில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாழைக்கறை பட்டால் கார்பன் எஃகு கறுத்துப் போகும், அதனால் உங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. அதையும் கழுவித் துடைத்து, மடங்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்விஸ் சிலுவை போட்ட கத்தி முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் அது ஸ்விஸ் கத்தி இல்லை.

ஊருக்குள் வரும்போது கத்தியை இடுப்பில் வைக்காமல் ஸ்பானர், டேப்போடு சேர்த்து டூல் பையில் போடுங்கள். மீனாட்சி அம்மன் கோயில், கோர்ட், விமானத்தில் கைப்பை, இங்கெல்லாம் கூடவே கூடாது. அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜை போன்ற சமயங்களில் தடை உத்தரவு போடுவார்கள். 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு, ஊரே இன்னும் பழைய சட்டத்தின் 144 என்றுதான் சொல்கிறது. அந்த நாட்களில் அங்குலக் கணக்கு பேசாமல் கத்தியைத் தோட்டத்திலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், போலீஸார் கத்தியை எடுத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள், எதைக் கைப்பற்றினோம் என்று அவர்கள் எழுதுகிற மகஜரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிடியையும் சேர்த்து அளந்து ‘சுமார் ஒரு அடி நீளக் கத்தி’ என்று எழுதுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை; ஒரு ஸ்கேல் வைத்து அலகை மட்டும் அளக்க இவர்களுக்கு எத்தனை சுற்றறிக்கை வேண்டுமோ. அலகு எத்தனை அங்குலம், பிடி எத்தனை அங்குலம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அதையும் வக்கீலிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.