சேர்த்தவர் வந்தால்தான் நோயாளியை வெளியே விடுவார்களா?

கேள்வி: அக்காவை அத்தான் ஒரு தனியார் மனநல மையத்தில் சேர்த்து ஆறு வாரம் ஆகிறது. எங்களைப் பார்க்க விடுவதில்லை, போனும் கிடையாது. சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவோம் என்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? உள்ளே போய் வீடியோ எடுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: உங்களுக்கு இருப்பதைவிட அதிக உரிமை உங்கள் அக்காவுக்கு இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் இது உங்களுக்கும் அத்தானுக்கும் நடக்கிற சண்டையாகவே முடிந்துவிடும். நான் வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. என் சித்திக்குப் பல வருடமாக மனநோய், அவரோடு அலைந்ததில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்பதை உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் அது.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அக்கா தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாரா, அல்லது அவர் சார்பில் வேறொருவர் மனுக் கொடுத்துச் சேர்த்தாரா? தானே சேர்ந்தவர் என்றால் அவர் போகிறேன் என்று சொன்னால் அனுப்பியாக வேண்டும். நிலைமை மோசமாக இருக்கிறது என்று டாக்டர் நினைத்தால் பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். புருஷன் வர வேண்டும், பணம் கட்டியவர் வர வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் கிடையாது.

வேறொருவர் மனுவில் சேர்த்திருந்தால் (பிரிவு 89) கணக்கு வேறு. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெண் என்றால் சேர்த்த 3 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கிற அமைப்பு) தெரிவித்திருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் இதன் ஆயுள் 30 நாள்தான். அதற்கு மேல் வைத்திருக்க அக்காவே சம்மதிக்க வேண்டும், இல்லை பிரிவு 90-இன்படி மறுபடி இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, வாரியத்துக்குத் தெரிவித்து அதன் அனுமதியும் வாங்க வேண்டும். நீங்கள் ஆறு வாரம் என்கிறீர்கள். வாரியத்துக்குத் தெரிவித்தார்களா, அனுமதி என்னாயிற்று என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் கேட்டால் வாட்ச்மேனோடு திரும்பி வர வேண்டியதுதான்.

அப்புறம் பலருக்கும் தெரியாத ஒன்று. பதினெட்டு வயது முடிந்த யாரும் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம், நியமனப் பிரதிநிதி என்று பெயர். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், நோட்டரி வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அது அத்தானாக இருக்கலாம், நீங்களாக இருக்கலாம், அக்காவின் சிநேகிதியாகவும் இருக்கலாம். யாரையும் நியமிக்காவிட்டால்தான் உறவினர் என்ற வகையில் மற்றவர்கள் வருகிறார்கள், அதில் கணவரும் உறவினர், உடன்பிறந்தவரும் உறவினர். அதற்காக அத்தானை வில்லனாக்கிவிடாதீர்கள். இரவெல்லாம் தூங்காத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல பேர் சோர்ந்துபோய்த்தான் கொண்டுபோய் விடுகிறார்கள்.

பார்ப்பது, பேசுவது விஷயத்தில்: நியாயமான நேரத்தில், அந்த இடத்தின் விதிகளுக்கு உட்பட்டுப் பார்வையாளர்களைச் சந்திக்கவும் போன் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. மறுக்கவும் உண்டு! உங்களைப் பார்க்க வேண்டாம் என்று அக்காவே சொல்லியிருந்தால் அதையும் மதிக்கத்தான் வேண்டும், ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், வரவேற்பு மேஜையில் இருப்பவர் சொல்லக்கூடாது.

பார்க்க விட்டால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தி இருந்த ஓர் இல்லத்தில் பேன் என்று சொல்லி எல்லாப் பெண்களுக்கும் மொட்டை அடித்திருந்தார்கள், ஒரே நிறத்தில் நைட்டி, கழிப்பறைக்குக் கதவு இல்லை, நாள் முழுக்கச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டு வேலை செய்தால் மனசு தெளியும் என்று எங்களுக்கே விளக்கம் சொன்னார்கள். இதில் ஒவ்வொன்றுமே பிரிவு 20-க்கு எதிரானது. கட்டாய மொட்டை கூடாது, சொந்த உடை உடுத்த விட வேண்டும், அந்தரங்கம் இருக்க வேண்டும், வேலை வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும். கட்டிப்போடுவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதி மட்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறை என்றோ கட்டக் கூடாது. தனியறையில் அடைப்பது கூடவே கூடாது. கரண்ட் ஷாக் சிகிச்சை பற்றிப் பயப்படுகிறீர்கள் என்றால், கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் பலன் தருகிற சிகிச்சைதான் அது, ஆனால் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதற்குத் தடை.

சங்கிலிக்கு எந்த வடிவிலும் அனுமதி இல்லை. ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள்: 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது, சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். அப்போதும் 1987-இன் மனநலச் சட்டம் இருக்கத்தான் செய்தது, போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. உறவுக்காரர்கள் பணம் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள், அவ்வளவு தூரம் அடிக்கடி யார் வருவது? அதனால்தான் சொல்கிறேன், எந்த இடமாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரியே ஆனாலும், வாரம் ஒருமுறையாவது வீட்டிலிருந்து ஒருவர் போய் நிற்கிற நோயாளியை அங்கே நடத்துகிற விதமே வேறு. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன செய்வது? மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் அங்கே மாட்டியிருக்கிறதா பாருங்கள், இல்லம், ஆசிரமம், மறுவாழ்வு மையம் என்று எந்தப் பெயரில் நடந்தாலும் மனநோயாளிகளைத் தங்கவைத்தால் பதிவு வேண்டும். வாரியத்தின் தொடர்பு விவரமும் எழுதி வைத்திருக்க வேண்டும். வாரியத்தில் மனுக்கொடுக்கப் படிவமும் இலவசமாகப் போன் பேச வசதியும் நோயாளிக்கு அவர்களே தர வேண்டும். முதல் புகார் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு, அடுத்தது வாரியத்துக்கு. எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். அக்காவின் உடல்நிலை பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வீடியோ வேண்டாம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று இதே சட்டம் சொல்கிறது, உங்கள் வீடியோவில் அக்கா மட்டுமா விழுவார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களும்தானே? அக்கா குணமாகி வந்து இதே தெருவில் நடக்க வேண்டும், ஒருவேளை வேலைக்கும் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். அதற்குப் பதில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் மறுத்தார், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள், புகார் மனுவில் அதையே சேர்க்கலாம்.