வானொலி அலையிலிருந்து மின்சாரம்: மகனை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

தலவாக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வானொலி அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று மகன் சொல்வதாகவும், அதைப் படிக்க உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் மகன் சொல்வது வீண் பேச்சு இல்லை. காற்றில் பரவும் வானொலி அலையை அன்டெனாவால் பிடித்து, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக நேர்மின்னோட்டமாக மாற்ற முடியும். 1964இல் வில்லியம் பிரவுன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், கீழிருந்து பாய்ச்சிய நுண்ணலையின் சக்தியிலேயே ஒரு சிறிய ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டுக் காட்டினார்.

ஆனால் தொலைபேசி டவர் பக்கத்தில் இருப்பதால் போனை சார்ஜ் பண்ணிவிடலாம் என்று அவர் நம்பினால், அதை இப்போதே திருத்த வேண்டும். போனுக்கு 5 வாட் அளவில் தேவை. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் அலையிலிருந்து கையளவு அன்டெனாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில மைக்ரோவாட், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தூரம் இரண்டு மடங்கானால் அதுவும் கால்வாசியாகக் குறையும். சாதாரண சிலிக்கன் டயோடு திறக்க 0.6 வோல்ட் அளவில் வேண்டும். இவ்வளவு மெலிந்த அலையால் அதைத் திறக்க முடியாது. அதனால்தான் குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும் ஷொட்கி டயோடைப் பயன்படுத்துகிறார்கள். அன்டெனாவும் மின்சுற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வந்த அலையும் திரும்பிப் போய்விடும். கிடைத்ததை, மின்னைச் சேமிக்கும் உறுப்பான கொள்ளளவியில் சேர்த்து வைத்து, மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சரை அவ்வப்போது விழிக்க வைக்கலாம். பற்றரி மாற்ற ஆள் ஏற முடியாத மலைச்சரிவுக்கு இது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். இதற்கென்று தனிப் பட்டம் தேட வேண்டாம். இலத்திரனியலும் தொலைத்தொடர்பும்தான் வழி. பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படிக்க வேண்டுமானால் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் கட்டாயம், அதாவது கணிதப் பிரிவு. தொழில்நுட்பப் பிரிவு நல்ல பிரிவுதான், ஆனால் அது பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகும் வேறு பாதை. இந்த வித்தியாசம் தெரியாமல் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பிறகு தவிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுவதால், மாவட்ட ஒதுக்கீட்டோடு கூடுதல் 5 சதவீத ஒதுக்கீட்டிலும் அவருக்கு இடம் பெற வாய்ப்பு உண்டு. புள்ளி போதாவிட்டால் தொழில்நுட்பக் கல்லூரியில் தேசிய தொழில் தகைமைப் பாதையில் படித்துப் பட்டம் வரை போகலாம்.

இப்போதைக்கு, வானொலி அலையின் சக்தியிலேயே இயங்கும், பற்றரி இல்லாத கிறிஸ்டல் ரேடியோ ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். டவர் வேலிக்குள் போகக்கூடாது, அனுமதியின்றி அலை அனுப்பும் கருவி எதுவும் செய்யக்கூடாது.

அப்புறம், பாடசாலையில் இணைந்த கணிதத்துக்குத் தமிழ்மொழி ஆசிரியர் இருக்கிறாரா என்று இந்த வாரமே அதிபரிடம் கேளுங்கள். இல்லையென்றால் எந்தப் பாடசாலைக்கு மாற்றுவது என்று நாம் பேசுவோம்.