ஒடுக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரக் கட்டுரையில் ஒரு கவிஞரைப் பற்றி, 'அவருடைய ஒடுக்கம் பத்து ஆண்டுகள் நீடித்தது' என்று எழுதியிருந்தீர்கள். அவரை யார் ஒடுக்கினார்கள் என்று கடைசி வரி வரை தேடினேன், கிடைக்கவில்லை. பின்வாங்கினார் என்பதைத்தான் அப்படிச் சொன்னீர்களா?

க.

அன்புள்ள க.,

யாரும் ஒடுக்கவில்லை, அவரே ஒடுங்கினார். மெய்ப்பு பார்த்த நண்பரும் இதையேதான் கேட்டார். ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. நான் எழுதிய ஒடுக்கம் முன்னதிலிருந்து வருவது. 'கலவரம் ஒடுக்கப்பட்டது' என்று செய்திகளில் படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கண்டாலே மேலிருந்து ஒரு கை அழுத்துவதுபோல நமக்குத் தோன்றுகிறது.

குறளில் (486) அந்தக் கை இல்லை.

ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து.

தகர் என்றால் ஆட்டுக்கடா. சண்டைக்கடா நாலடி பின்னால் போவது பயந்து அல்ல, ஓடிவந்து முட்ட இடம் வேண்டும். பரிமேலழகர் இதற்குப் 'பின்னே கால் வாங்கும்' என்று உரை சொல்கிறார். நம் பின்வாங்குதலும் இதுதான். இந்த 'வாங்கு' கடையில் வாங்குவது அல்ல, இழுப்பது, வளைப்பது. வில்லை வாங்கினான் என்றால் நாணை இழுத்தான் என்று பொருள். ஓடி வந்தவருக்கு மூச்சு வாங்குகிறதே, அதுவும் இந்த வாங்குதான்! சரி, அப்படியானால் பின்வாங்கினார் என்றே எழுதியிருக்கலாமே என்பீர்கள். வாக்குறுதியிலிருந்து பின்வாங்கினார், போட்டியிலிருந்து பின்வாங்கினார் என்று புழங்கி அதில் கோழைத்தனம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கவிஞருக்கு அது பொருந்தாது.

ஒதுங்கினார் என்றும் போட்டுப் பார்த்தேன். ஒதுங்குகிறவர் பக்கவாட்டில் நகர்கிறார். மழைக்கு ஒதுங்கினால் மழை விட்டதும் தெருவுக்கு வந்துவிடுவோம். ஒடுங்குகிறவரோ தனக்குள்ளேயே போகிறார். சித்தர்களின் சமாதியை அவர்கள் 'ஒடுங்கிய இடம்' என்கிறோம், அங்கே திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை. திரும்பிவந்து முட்டுகிற கடாவும் வராத சித்தரும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால்தான் எனக்கு அது வேண்டியிருந்தது. இவர் எந்த வகை என்று அந்தப் பத்து ஆண்டும் எங்களுக்குத் தெரியாது. அப்புறம் அந்த நீள்கவிதை வந்தது. கடாதான்.

இருந்தாலும் உங்களைக் கடைசி வரி வரை தேடவிட்டது என் பிழை. நூலாக்கும்போது 'பத்து ஆண்டுகள் ஒடுங்கியிருந்தார்' என்று வினையாக மாற்றிவிடுகிறேன்.