சொந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் அனுப்பி, வெளிநாட்டு ரோட்டிலும் ரேஸ் டிராக்கிலும் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும். கேள்வி கேட்டவர் சென்னையில் பதிவான தன் காரை ஜெர்மனிக்கு அனுப்பி, இரண்டு மாதம் ஆல்ப்ஸ் பக்கம் சுற்றி, நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் நாலு ரவுண்டு அடித்துவிட்டு வர ஆசைப்படுகிறார். காரை அனுப்புவதில் பெரிய கஷ்டம் இல்லை. போன கார்தான் திரும்பி வந்திருக்கிறது என்று காகிதத்தில் நிரூபிப்பதில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் 18 வருடமாக டாக்குமென்ட் பார்க்கிறவன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. என்னிடம் இருப்பது ஒரு ஆக்டிவா. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், இறால் ஏற்றுமதி செய்கிறவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய போர்ஷே கேமனை ஒருமுறை ஹாம்பர்க்குக்கும் ஒருமுறை மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கும் அனுப்பித் திரும்ப எடுத்தது நான்தான். மலேசியாவுக்குக் கூடவே போனேன். கார் பைத்தியம் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களை சைக்கிளில் போய்ப் பார்த்தவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வேண்டியது கார்னெட். முழுப் பெயர் கார்னெ த பாஸாஜ் ஆன் துவான். காருக்கான பாஸ்போர்ட் என்று பலர் சொல்வார்கள், என்னைக் கேட்டால் அது ஜாமீன் பத்திரம். நம் ஊரில் இதைக் கொடுப்பது மும்பையில் இருக்கும் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஒரு வருடம் செல்லும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு: நாட்டுக்குள் நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை, மூன்றாவது அடிக்கட்டையாகப் புத்தகத்திலேயே நிற்கும், அதில் இரண்டு முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால் நீங்கள் காரை அந்த நாட்டில் விற்றுவிட்டதாகத்தான் அர்த்தம். வரியைக் கட்டு என்று வருவார்கள், நீங்கள் கொடுத்த வங்கி உத்தரவாதத்தில் கை வைப்பார்கள். அந்த உத்தரவாதம்தான் பெரிய பணம், கப்பல் வாடகை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுற்றுலாவாகப் போகிறவர் சொந்தக் காரை ஆறு மாதம் வரை வரி இல்லாமல் வைத்து ஓட்டலாம், அதற்குப் பெரும்பாலும் கார்னெட்டே கேட்பதில்லை. ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். திரும்பி வரும்போது நம் ஊர் கஸ்டம்ஸில் நீட்ட முத்திரை விழுந்த ஒரு புத்தகம் கையில் இருப்பது வேறு மாதிரி. முழுசாகக் கட்டி வரும் வெளிநாட்டு சொகுசுக் காருக்கு இங்கே வரி அதன் விலைக்கு மேலேயே போய்விடும், அதனால் அதிகாரி சந்தேகப்படுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

கார்னெட்டில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பரோடு நிற்க மாட்டார்கள். நிறம், சீட் உறை, ரேடியோ, ஸ்பேர் டயர் எல்லாம் எழுத வேண்டும். டிராக்குக்கு என்று தனியாக ஒரு செட் வீல் கொண்டுபோகிறீர்களா, அதையும் எழுதுங்கள். இங்கேதான் டிராக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. டிராக்கில் எஞ்சின் போய்விட்டது, அங்கேயே வேறு எஞ்சின் மாற்றிவிட்டீர்கள் என்றால் திரும்பி வருவது வேறு நம்பர். கார் நொறுங்கிவிட்டால் அங்கேயே போட்டுவிட்டு விமானம் ஏறவும் முடியாது. அந்த நாட்டு கஸ்டம்ஸ் முன்னிலையில் அழிக்க வேண்டும், அல்லது வரி கட்ட வேண்டும், அல்லது அந்த இரும்புக் குவியலைக் கண்டெய்னரில் போட்டு சென்னை மணலிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கார் கப்பல்கள் போகின்றனவே, ரோ-ரோ என்று காரை அப்படியே ஓட்டி ஏற்றுவார்களே, அதில் அனுப்பலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது கம்பெனிகள் புதுக் கார்களை நூறு நூறாக அனுப்புவதற்கு. ஒற்றைக் காருக்கு 20 அடி கண்டெய்னர்தான் சரி.

கண்டெய்னருக்குள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர். கேமன் 1.8 மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு சாண் சொச்சம்தான் மிஞ்சும், கதவு திறக்காது. மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில், கண்டெய்னரைத் தரையில் இறக்கி வைத்து, வாசலில் நீளமான பலகைகளைச் சரிவாக அடுக்கி, வயிறு தட்டாமல் அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். ஓட்டியது தண்டையார்பேட்டைப் பையன் ஒருத்தன், ஒல்லி. உள்ளே நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக, பாம்பு சட்டை உரிப்பது போல நெளிந்து வெளியே வந்தான். காரைத் தொடாமல் வந்துவிட்டான், ஆனால் பெல்ட் பக்கிள் உரசிவிடும் என்று முன்னாடியே பேன்ட் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினான், அந்தப் புத்திக்காகவே அடுத்த முறையும் அவனையே கூப்பிட்டேன். காரை அசையாமல் கட்டுகிற லேஷிங் மேஸ்திரி மட்டும் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், இத்த ஏத்திக்கினு அவ்ளோ தூரம் போணுமா? அங்க காரே இல்லியா?"

ரிவர்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். கேமனுக்கு பேட்டரி முன் மூடிக்கு அடியில், கண்டெய்னர் வாசல் பக்கம் மூக்கு இருந்தால்தான் கழற்றவும் மாட்டவும் முடியும். கழற்றிய பிறகு அந்த மூடியை அழுத்திப் பூட்டிவிடாதீர்கள், மின்சாரம் இல்லாமல் திறக்காது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கட்டும். கப்பல் கணக்கில் கார் என்பது ஆபத்தான சரக்கு, யூஎன் 3166 என்று எண்ணே உண்டு. காரைக் கட்டும் பெல்ட்டை டயர் மேல் போட்டுக் கட்ட வேண்டும், சஸ்பென்ஷனிலோ பாடியிலோ இல்லை. ஈரம் உறிஞ்சும் பைகளைத் தாராளமாகத் தொங்கவிடுங்கள், கண்டெய்னர் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

டயருக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டை விஷயத்தில் நாங்கள் அடிபட்டோம். ஏற்றுமதிக்குப் போகும் கட்டையில் பூச்சி சாகச் சூடேற்றிய முத்திரை இருக்க வேண்டும், கோதுமைக் கதிர் படமும் ஹெச்.டி. என்ற எழுத்தும். ஹாம்பர்க் போகிறபோது கிடங்கில் கொண்டுவந்தது எங்கோ வீடு இடித்த கட்டை. இது போனால் அங்கே சரக்கை நிறுத்துவார்கள் என்று அடித்த ஆணியை எல்லாம் பிடுங்க வைத்தேன். முத்திரை போட்ட கட்டை வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது, அப்புறம் ட்ரெய்லர் காசிமேட்டுப் பக்கம் வரிசையில் சிக்கியது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பல் போய்விட்டது. அண்ணன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அதனால் டிக்கெட்டை கப்பல் தேதிக்கு ஒட்டிப் போடாதீர்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு நிறைய கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன, அந்த வழியில் பத்துப் பதினாலு நாள் கூடுதல்.

மரைன் இன்ஷூரன்ஸ் கண்டிப்பாக எடுங்கள். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி என்று சுமார் 4,000 கார்களோடு அட்லாண்டிக்கில் தீப்பிடித்து, அஸோர்ஸ் தீவுகள் பக்கம் மூழ்கியே போனது. உங்கள் கார் முழுசாக இருந்தாலும், ஆபத்தில் மாட்டிய கப்பலைக் காப்பாற்றிய செலவில் சரக்குக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டும், ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். 2021ல் சூயஸில் குறுக்கே நின்ற எவர் கிவன் கப்பலில் இதுதான் நடந்தது.

ஜெர்மனியில் இறங்கியதும் எல்லை இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டும், நம் ஊர் பாலிசி அங்கே செல்லாது. கிளம்பும் முன்பே ஆர்டிஓவில் சர்வதேச லைசென்ஸ், காருக்குப் பின்னால் இந்தியக் கார் என்று காட்டும் ஐஎன்டி ஸ்டிக்கர். நகரங்களின் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகப் பச்சை ஸ்டிக்கர் வேண்டும், வெளிநாட்டுக் காருக்கும்தான். ஹெட்லைட்டில் டேப் ஒட்டுங்கள். இடப்பக்க ரோட்டுக்குச் செய்த விளக்கு அங்கே எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே என்ற நீளச் சுற்று 20.8 கிலோமீட்டர். பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் அது சட்டப்படி சுங்கம் கட்டும் சாலை, ரேஸ் டிராக் இல்லை. இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், நேரம் எடுக்கக் கூடாது. தடுப்புக் கம்பியில் மோதினால் கம்பிக்கும் உங்களிடம்தான் காசு வாங்குவார்கள், நிறைய இன்ஷூரன்ஸ்கள் அந்த இடத்தைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கின்றன. பாலிசியைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். அண்ணன் படித்தார், படித்துவிட்டுத் தன் காரை வெளியே நிறுத்திவிட்டு, அங்கேயே டிராக்குக்குத் தயார் செய்து வாடகைக்கு விடும் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை எடுத்து ஓட்டினார். போர்ஷேயைக் கப்பலில் அனுப்பிவிட்டு ஜெர்மனியில் போய் ஸ்விஃப்ட் ஓட்டியதை இன்றைக்கும் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவர் செய்ததுதான் சரி. தன் காரை அவர் வைத்துக்கொண்டது ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு, 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு.

டிராக் மட்டும்தான் ஆசை என்றால் காரை அனுப்பாதீர்கள், அங்கே வாடகைக்கு எடுங்கள். சொந்தக் காரில்தான் ஓட்டுவேன் என்று மனசு அடம்பிடித்தால் மலேசியாவில் ஆரம்பியுங்கள். கடல் வழி குறைவு, இடப்பக்க ரோடு, ஸ்டியரிங் வலப்பக்கம், முந்தும்போது பக்கத்து சீட்காரரைக் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். கார்னெட்டோடு அந்த ஊர் இன்ஷூரன்ஸும் அந்த ஊர் ஆர்டிஓ மாதிரியான ஜேபிஜே கொடுக்கும் சர்க்குலேஷன் பர்மிட்டும் வேண்டும். அங்கே இருக்கும் செப்பாங் ரேஸ் டிராக் 5.543 கிலோமீட்டர், 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம், துறைமுகத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை. புது பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டு போங்கள். அந்த வெயிலில், அந்த இரண்டு நீள நேர்ச்சாலைகளின் முடிவில், மூன்றாவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று அண்ணன் முகம் வெளுத்து உள்ளே வந்தார். அதற்கு முன் நம் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது ஓட்டிப் பாருங்கள், காரும் தெரியும் நீங்களும் தெரிவீர்கள்.

மலேசியாவிலிருந்து திரும்பி வந்த அன்று மணலியில் கண்டெய்னரைத் திறந்தோம். அங்கே ஏற்றியவர்கள் முன் மூடியை நன்றாக அழுத்திப் பூட்டியிருந்தார்கள், பேட்டரி செத்துக் கிடந்தது. காருக்குள் கால் வைக்கிற பக்கம் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் வேறு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துத் திறக்க ஒரு மணி நேரம். சேசிஸ் நம்பர் பார்த்தாயிற்று. அதிகாரி டார்ச்சோடு பின்பக்கம் போய், எஞ்சினைக் காட்டுங்கள் என்றார். பின் மூடியைத் திறந்தால் ஆயில் மூடியும் கூலன்ட் மூடியும்தான் தெரிகிறது, எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறது, நம்பர் வண்டிக்கு அடியில். அதிகாரி என்னைப் பார்க்கிறார், நான் அண்ணனைப் பார்க்கிறேன். போகும் முன்பு ராயபுரத்தில் லிஃப்டில் தூக்கி, நம்பர் தெரிய எடுத்த ஃபோட்டோ என் ஃபைலில் இருந்தது, புறப்படும்போது அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளோடு பின் பண்ணி. அதை வைத்துக்கொண்டு அவர் தரையில் அட்டையைப் போட்டுப் படுத்து, டார்ச்சை உள்ளே விட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார், நான் டிக் அடித்தேன். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "அடுத்த தடவை அனுப்புறதுன்னா எஞ்சின் வெளியில தெரியிற காரா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.