சோற்றுப்பானை யார் கையில்?

கேள்வி: பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பௌதிகம் படிக்கும் என் அண்ணன், "நியூட்டன் விதி மாதிரி உங்கள் பாடத்தில் ஒரே ஒரு விதி காட்டு, அதை அறிவியல் என்று ஒத்துக்கொள்கிறேன்" என்கிறான். வகுப்பில் யதார்த்தவாதம், அதை முன்வைத்த தத்துவ அறிஞர் ராய் பாஸ்கர் என்று நடத்துகிறார்கள். அண்ணனுக்குப் பதில் அதில் இருக்கிறதா ஐயா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: இருக்கிறது அம்மா. ஒரு தராசிலிருந்து தொடங்குகிறேன்.

1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை ஏறாத, மெலிந்த குழந்தைகளுக்கு மட்டும் சில மாதம் சத்துருண்டை கொடுப்பார்கள். எதை, எப்படி ஊட்டுவது என்று தாய்க்குச் சொல்லித் தருவார்கள். அந்த நாளில் நான் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் குடும்பக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். உத்திரத்தில் ஸ்பிரிங் தராசைக் கட்டி, குழந்தையைத் துணித் தூளியில் தொங்கவிடுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும்.

அண்ணனிடம் கேளுங்கள்: அந்தக் குழந்தை கீழே விழவில்லையே, புவியீர்ப்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை, இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஸ்பிரிங் தாங்குவதால் விழவில்லை என்பார். பாஸ்கர் 1975இல் வெளிவந்த தன் முதல் நூலில் சொன்னதும் இதைத்தான். 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற வாடிக்கை அல்ல விதி. பொருளுக்குள் இருக்கும் ஆற்றலைச் சொல்வதே விதி. அந்த ஆற்றல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விளைவு வெளியே தெரியாமல் போகலாம். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலும் நிஜமாகவே இருக்கிறது என்பதுதான் அவருடைய யதார்த்தவாதம். குறுக்கீடுகளை எல்லாம் அடைத்துவிட்ட ஆய்வுக்கூடத்தில்தான் வாடிக்கை பிசகாமல் வரும். காற்றில் உதிரும் அரசிலை எங்கே போய் விழும் என்று எந்தப் பௌதிகக்காரராலும் சொல்ல முடியாது. சமூகத்தை அப்படி அடைத்துவைக்க ஆய்வுக்கூடமே கிடையாது. ஆக, வெளியுலகில் பௌதிகமே தராத ஒன்றை அண்ணன் உங்களிடம் கேட்கிறார்.

(பாஸ்கரின் தந்தை இந்தியர். ஆக்ஸ்ஃபோர்டில் பாஸ்கர் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, பொருளாதாரக் கோட்பாடுகள் ஏழை நாடுகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது. அங்கிருந்துதான் தத்துவத்துக்கு வந்தார்.)

சரி, தராசுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தாய் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருவாள், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வாள், ஆனால் பிள்ளைக்கு எடை ஏறவில்லை. என் படிவத்தில் தாயின் படிப்பு, வயது, பிள்ளைகள் எத்தனை, கூலி எவ்வளவு என்று எல்லாம் இருந்தன. எழுதிக்கொண்டிருந்தபோது திண்ணையிலிருந்த மாமியார் சொன்னார்: "அவகிட்ட என்னத்தக் கேக்குற? சோத்துப்பானை என் கையில." அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அலுவலகத்தில் அதை யாரும் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் நல்ல பலன் தந்தது என்று பேரெடுத்தது. 1995இல் அதே மாதிரியில் வங்கதேசத்திலும் தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் இல்லை. ஏன் என்பதை நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞர், ஜெரமி ஹார்டியோடு சேர்ந்து 2012இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டாகவே விவரிக்கிறார். அந்த ஊர்களில் கடைக்குப் போவது ஆண்கள், அடுப்படியில் அதிகாரம் மாமியாருக்கு. பாடம் கேட்டது தாய், ஆனால் படியளந்தது வேறு கை. அது போக, திட்ட மையத்தில் பிள்ளைக்குக் கொடுத்ததை வீட்டுச் சாப்பாட்டில் கழித்துவிடுவதும் உண்டு.

படித்தபோது அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. 'தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை தேறும்' என்பது இரண்டு நாட்டுக்கும் பொதுவான விதி அல்ல. தெரிந்துகொண்டதைச் செய்யும் அதிகாரம் தாய்க்கு இருந்தால் பிள்ளை தேறும் என்பதுதான் உள்ளே ஓடும் இயக்கம். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் அந்த அதிகாரம் தாயிடம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் திட்டம் பலித்திருக்கிறது. அந்த ஒரு வீட்டில் அது இல்லை.

மாமியார் அதிகாரம் என்ன புவியீர்ப்பா, அது வெறும் பழக்கம்தானே என்று அண்ணன் கேட்கலாம். மனிதர்கள் நாள்தோறும் நடத்திக்கொண்டிருப்பதால்தான் அது நிலைக்கிறது என்பது உண்மை. 1979இல் எழுதிய அடுத்த நூலில் இந்த வேறுபாட்டைப் பாஸ்கரும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் கல்யாணமாகி வந்த பெண் அந்த வழக்கத்தை உண்டாக்கவில்லை. அவள் படியேறும் முன்பே அது அந்த வீட்டில் இருந்தது. பிள்ளையின் எடையைத் தடுத்து நிறுத்துகிற ஒன்றைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடலாமே?" நியாயமான கேள்வி. சொல்ல முடியாது. பானைதான் காரணம் என்றால், தனிக்குடித்தனத் தாய்மாரின் பிள்ளைகள் தேறியிருக்க வேண்டும், மாமியார் சமைக்கும் வீடுகளில் பின்தங்கியிருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நான் சொன்னது தப்பு, வேறு காரணம் தேட வேண்டும். அதற்குப் புள்ளிவிவரம் கட்டாயம் வேண்டும். வங்கதேசத்தில் பலிக்கவில்லை என்பதே எண்ணிப் பார்த்ததால் தெரிந்ததுதானே!

களப்பணிக்குப் போகும்போது உங்கள் படிவத்தில் 'வீட்டில் சோறு போடுவது யார்?' என்று ஒரு கட்டம் சேருங்கள். அப்புறம், ஓரத்தில் எழுத நிறைய இடம் விடுங்கள்.