ஜெபம் வராத நாட்களில்

கேள்வி: கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: இல்லை, சகோதரி. சீடனான சீமோன் பேதுரு தம்மை அறியேன் என்று மறுதலிப்பதற்கு முன்பே, அவனிடம், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் இயேசு (லூக்கா 22:32). நீங்கள் அவரைப் பிடித்திருப்பதைவிட அவர் உங்களைப் பிடித்திருப்பதே உறுதியானது.

சொந்த வார்த்தை வராதபோது 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது; 3, 4-இல் விண்ணப்பம்; நம்பிக்கை 5-இல்தான் வருகிறது. பலர் துக்கத்தை விழுங்கிவிட்டு நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுகிறார்கள்; அது உதட்டளவில் நின்றுவிடுகிறது. இரண்டாம் வசனத்தோடு அழுகை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அதுவும் ஜெபம்தான். சிலுவையில் இயேசுவே, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லித்தான் கதறினார்.

சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும் (1 இராஜாக்கள் 19). ஆகவே வேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்; அது அவிசுவாசம் அல்ல. ஞாயிறு ஆராதனையில் பாட முடியாவிட்டாலும் போய் உட்காருங்கள், சபை உங்களுக்காகப் பாடட்டும்.